டார்பிடோ தாக்கி மூழ்கிய சரக்குக் கப்பலை ஆராய்வது எப்படி?

போர்க்காலத்தில் நீர்மூழ்கிக் கப்பலால் தாக்கப்பட்டு மூழ்கிய சரக்குக் கப்பலுக்கும், புயலில் சிக்கியோ பாறையில் மோதியோ மூழ்கிய கப்பலுக்கும், ஆராய்பவரின் பார்வையில் பெரிய வேறுபாடு உண்டு. புயலில் போன கப்பலின் கடைசி நிமிடங்களைச் சொல்லப் பல வேளைகளில் எவருமே மிஞ்சியிருப்பதில்லை. டார்பிடோ தாக்கிய கப்பலுக்கோ பெரும்பாலும் இரண்டு எழுத்துச் சாட்சியங்கள் கிடைக்கின்றன: தாக்கிய நீர்மூழ்கியின் தளபதி எழுதிய போர்க் குறிப்பேடு ஒன்று, உயிர் பிழைத்த மாலுமிகள் கரையேறிய பின் கொடுத்த வாக்குமூலம் மற்றொன்று. கடலடியில் கிடக்கும் இரும்பை மூன்றாவது சாட்சியாகக் கொண்டு, முதல் இரண்டோடு அதை ஒப்பிட்டுப் பார்ப்பதே இத்தகைய ஆராய்ச்சியின் சாரம். அதற்குக் கப்பலின் உள்ளே நுழைய வேண்டிய தேவை மிகக் குறைவு. கதையின் பெரும்பகுதியை வெளியிலிருந்தே வாசித்துவிடலாம் என்பது என் உறுதியான கருத்து. பொழுதுபோக்கு முக்குளிப்பின் எல்லையாகிய 40 மீட்டருக்குள் கிடக்கும் கப்பல்களை மனத்தில் வைத்து, ஆழ்முக்குளிப்பு வரை முறையான பயிற்சி பெற்றவர்களுக்காக இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது.

எந்தக் கப்பலிலிருந்து தொடங்குவது

டார்பிடோ தாக்கிய கப்பல்களில் மிகப் பெரும்பாலானவை மனிதர் நேரில் சென்று பார்க்க முடியாத ஆழத்தில் கிடக்கின்றன. 1942 நவம்பரில் ஜெர்மானிய நீர்மூழ்கியான யு-68 மூழ்கடித்த சிட்டி ஆஃப் கெய்ரோ, அட்லாண்டிக்கில் ஏறத்தாழ 5,150 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. எட்டக்கூடிய ஆழத்தில் இருக்கும் கப்பல்கள் மூன்று வகையானவை: கரையோரக் கடல்வழியில் தாக்கப்பட்டவை, துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நின்றபோது தாக்கப்பட்டவை, தாக்குதலுக்குப் பின் இழுத்துவரப்பட்டுக் கரை தட்டவிடப்பட்டவை. தொடங்குபவர் மூன்றாவது வகையைத் தேடுவது நல்லது.

பாலித் தீவின் துலம்பென் கரையை ஒட்டிக் கிடக்கும் லிபர்ட்டி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அமெரிக்க ராணுவத்துக்காகச் சரக்கு ஏற்றிச் சென்ற இந்தக் கப்பலை 1942 ஜனவரி 11 அன்று ஜப்பானிய நீர்மூழ்கியான ஐ-166 தாக்கியது. இரண்டு போர்க்கப்பல்கள் அதை இழுத்துச் செல்ல முயன்றன. உள்ளே நீர் ஏறிக்கொண்டே இருந்ததால் துலம்பெனில் கரை தட்டவிட்டார்கள். 1963இல் அகுங் எரிமலை வெடித்தபோது கப்பல் கரையிலிருந்து நழுவிக் கடலுக்குள் இறங்கியது. இன்று அதன் மேல் விளிம்பு ஐந்தாறு மீட்டர் ஆழத்திலும் கீழ்ப்பகுதி 30 மீட்டரை ஒட்டியும் இருப்பதால், கரையிலிருந்தே நீந்திச் சென்று பல நிலைகளில் பார்க்க முடிகிறது. ஆனால் இந்தக் கப்பலின் உடைசல்கள் எல்லாவற்றையும் டார்பிடோவின் கணக்கில் எழுதிவிடக் கூடாது; எரிமலையின் பங்கும் அதில் கணிசமானது.

இங்கிலாந்தின் கார்ன்வால் கரையை ஒட்டி விட்சாண்ட் விரிகுடாவில் கிடக்கும் ஜேம்ஸ் ஈகன் லேன், 1945 மார்ச்சில் டார்பிடோ தாக்கிக் கரைக்கு இழுத்துவரப்பட்ட மற்றொரு கப்பல். போர்க்காலத்தில் அமெரிக்கா தொகுதி தொகுதியாகக் கட்டிய ‘லிபர்ட்டி’ வகையைச் சேர்ந்தது இது. இவ்வகைக் கப்பல்கள் யாவும் ஏறத்தாழ ஒரே வரைபடத்தின்படி கட்டப்பட்டவை என்பதால், கையில் வரைபடத்தோடு இறங்குபவருக்கு இது நல்ல பயிற்சிக் களம். அடுத்த படியாக வட கரோலினா கடற்பகுதியைச் சொல்லலாம். 1942இன் முதல் பாதியில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் அங்கே எண்ணெய்க் கப்பல்களை வரிசையாக வீழ்த்தின. யு-71 மார்ச் 26 அன்று தாக்கிய டிக்ஸி ஆரோ அங்கே 27 மீட்டர் அளவு ஆழத்தில் கிடக்கிறது. நியூஃபவுண்ட்லாந்தின் பெல் தீவுக்கு அருகில் கிடக்கும் நான்கு இரும்புத்தாதுக் கப்பல்கள் இந்தத் துறையின் உச்சம் எனலாம். ஆனால் கோடையிலும் கடுங்குளிர் நீர், உலர் உடை, கூடுதல் ஆழம் ஆகியவற்றைச் சமாளிக்கும் அனுபவம் வந்த பிறகே அங்கே செல்ல வேண்டும். அவற்றுள் ரோஸ் காஸில் கிடக்கும் கடல்தளம் 40 மீட்டரையும் தாண்டியது.

முதலில் ஆவணங்கள்

தண்ணீரில் செலவிடும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பல மணி நேரம் காகிதத்தில் செலவிட வேண்டும். இதைச் சலிப்பான வேலை என்று தள்ளிவிடுபவர்கள் கீழே போய்த் துருப்பிடித்த தகடுகளை மட்டும் பார்த்துவிட்டு மேலே வருகிறார்கள்.

ஜெர்மானிய நீர்மூழ்கிகளின் போர்க் குறிப்பேடுகள் போரின் முடிவில் பிரிட்டிஷார் கையில் சிக்கி, நுண்படமாக எடுக்கப்பட்டு, பின்னர் ஜெர்மனிக்குத் திருப்பித் தரப்பட்டன. அவை இன்று ஃப்ரைபுர்க் நகரிலுள்ள ராணுவ ஆவணக் காப்பகத்தில் உள்ளன. உயிர் பிழைத்த பிரிட்டிஷ் கப்பல் தலைவர்களின் வாக்குமூலங்கள் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், கடற்படைத் தலைமையகத்தின் கோப்புகளுக்கிடையே கிடைக்கும். கப்பலின் நீளம், அகலம், சரக்கறைகள், கொதிகலன்களின் எண்ணிக்கை, எஞ்சின் உருளைகளின் விட்டம் ஆகிய விவரங்களுக்கு லாயிட்ஸ் கப்பல் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். 1930 முதல் 1945 வரையிலான அதன் தொகுதிகள் இணையத்தில் இலவசமாகவே படிக்கக் கிடைக்கின்றன.

குறிப்பேட்டை அப்படியே நம்பிவிடவும் கூடாது. ஜெர்மானியத் தளபதிகள் உலகின் எந்த மூலையில் இருந்தாலும் ஜெர்மானிய நேரத்தையே எழுதினார்கள். அதனால் அமெரிக்கக் கரையில் முன்னிரவில் நடந்த தாக்குதல் குறிப்பேட்டில் மறுநாள் அதிகாலை நிகழ்வாக இருக்கும். இடத்தை அட்சரேகை, தீர்க்கரேகைகளில் எழுதாமல், எழுத்தும் எண்ணும் கொண்ட கடற்படைக் கட்டங்களால் குறித்தார்கள். ஒரு சிறு கட்டமே பல மைல் அகலம் உடையது. இலக்கின் எடையைக் கூட்டி மதிப்பிடும் வழக்கமும் அவர்களிடம் இருந்தது. பெரிஸ்கோப்பில், இருட்டில், சில நொடிகள் பார்த்து எழுதியதில் இது வியப்பல்ல. பல நீர்மூழ்கிகள் தளம் திரும்பாமலே அழிந்தன. அவற்றின் குறிப்பேடுகளும் கூடவே மூழ்கிப்போனதால், வானொலியில் அனுப்பிய சுருக்கச் செய்தி மட்டுமே அத்தகைய தாக்குதல்களுக்குச் சான்றாக இருக்கும்.

வாக்குமூலங்களிலிருந்து ஐந்து விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: டார்பிடோ எந்தப் பக்கத்தில் தாக்கியது, எந்தச் சரக்கறைக்கு நேராகத் தாக்கியது, கப்பல் எந்த முனை முன்னாக மூழ்கியது, எவ்வளவு நேரத்தில் மூழ்கியது, உயிர்காப்புப் படகுகளில் எவை இறக்கப்பட்டன. இவற்றை ஒரு தண்ணீர் புகாத பலகையில், கப்பலின் எளிய பக்கவாட்டுக் கோட்டுச் சித்திரத்தோடு எழுதி எடுத்துச் செல்லுங்கள். கீழே இறங்கியதும் அந்த ஐந்து கேள்விகளுக்கும் இரும்பு என்ன விடை சொல்கிறது என்று பார்ப்பதே உங்கள் வேலை.

சட்டமும் இறந்தோரும்

யுத்தத்தில் மூழ்கிய சரக்குக் கப்பல் உரிமையாளர் இல்லாத பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. போர்க்கால இடர்க் காப்பீட்டின் கீழ் இழப்பீடு கொடுத்த அரசுக்கே கப்பலோ சரக்கோ சொந்தமாகிவிட்டிருக்கும். யு-101 மூழ்கடித்த கெய்ர்சொப்பாவிலிருந்து 2012, 2013 ஆண்டுகளில் ஏறத்தாழ 4,700 மீட்டர் ஆழத்திலிருந்து வெள்ளிக் கட்டிகள் எடுக்கப்பட்டபோது, அது பிரிட்டிஷ் அரசோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின் கீழ்தான் நடந்தது. பிரிட்டிஷ் கடலில் கப்பல் சிதைவிலிருந்து எந்தப் பொருளை எடுத்தாலும், 1995ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டப்படி 28 நாட்களுக்குள் அதற்கென உள்ள அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும். போர்க் கப்பல்களுக்கான 1986ஆம் ஆண்டுப் பாதுகாப்புச் சட்டம் சரக்குக் கப்பல்களைத் தொடாது என்ற எண்ணமும் தவறானது. 1943இல் காவல் கப்பல்களின் பாதுகாப்போடு சென்றபோது மூழ்கடிக்கப்பட்ட ஸ்டோரா என்னும் சரக்குக் கப்பலின் வழக்கில், அதையும் படைச் சேவையில் இருந்த கப்பலாகக் கருத இடமுண்டு என்று 2006இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. யுனெஸ்கோவின் 2001ஆம் ஆண்டு உடன்படிக்கை நூறு ஆண்டுகள் நீரடியில் இருந்தவற்றைப் பாதுகாக்கிறது. முதல் உலகப் போரின் கப்பல்கள் எல்லாமே இப்போது அந்த வரம்புக்குள் வந்துவிட்டன. இரண்டாம் உலகப் போரின் கப்பல்கள் 2039 முதல் ஒவ்வொன்றாக வரும். எனவே எந்த நாட்டுக் கடலில் இறங்குகிறீர்களோ அந்த நாட்டின் விதியைப் பயணத்துக்கு முன்பே விசாரித்துவிடுங்கள். எதையும் எடுக்காமல் வந்தால் இந்தச் சிக்கல்களில் பெரும்பாலானவை எழவே போவதில்லை.

லண்டனின் டவர் ஹில் நினைவிடத்தில், கடலைத் தவிர வேறு கல்லறை இல்லாத 36,000க்கும் மேற்பட்ட வணிகக் கப்பல் மாலுமிகள், மீனவர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஒரு கப்பலில் எத்தனை பேர் இறந்தார்கள், எந்தப் பகுதியில் இறந்தார்கள் என்பதை முன்கூட்டியே அறிந்திருப்பது மரியாதை மட்டுமன்றி நடைமுறைத் தேவையும் ஆகும். எஞ்சின் அறையில் தாக்கிய டார்பிடோ, அங்கே பணியிலிருந்தவர்களுக்குத் தப்ப நேரம் கொடுத்திருக்காது. அந்தப் பகுதியைத் தொடாமல் பார்த்துவிட்டு விலகுங்கள். எலும்புகள் கண்ணில் பட்டால் படம் எடுக்காதீர்கள், இடத்தையும் பொதுவில் வெளியிடாதீர்கள்.

காற்றுக் கணக்கு

பயிற்சிச் சான்றிதழ்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆழ்முக்குளிப்பு, கப்பல் சிதைவு முக்குளிப்பு, நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூட்டப்பட்ட சுவாசக் கலவை) ஆகிய மூன்றும் இருந்தாக வேண்டும். மிதப்புக் கட்டுப்பாட்டில், தரையைத் தொடாமல் ஒரே இடத்தில் அசையாமல் நின்று பலகையில் எழுதும் அளவுக்குத் தேர்ச்சி வேண்டும். பலர் தவறவிடுவது காற்றுக் கணக்கை. அதை ஒரு முறை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்.

30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 4 பார். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவர் அங்கே 80 லிட்டர் செலவழிப்பார். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் 2,400 லிட்டர் இருக்கிறது. அப்படியானால் அரை மணி நேரம் தாராளமாக இருக்கலாம் என்று தோன்றும். ஆனால் துணைவரின் காற்று தீர்ந்துபோய் இருவரும் உங்கள் சிலிண்டரிலேயே மேலே வர நேர்ந்தால் என்ன ஆகும் என்பதே உண்மையான கேள்வி. பதற்றத்தில் ஒருவருக்கு 30 லிட்டர் என்று வைத்தால், இருவருக்கும் 60 லிட்டர். சிக்கலைச் சரிசெய்து கிளம்ப அடியில் 2 நிமிடம் தேவை என்றால் 480 லிட்டர். நிமிடத்துக்கு 9 மீட்டர் வீதம் 5 மீட்டர் வரை ஏற ஏறத்தாழ 3 நிமிடம், சராசரி அழுத்தம் 2.75 பார் என்றால் 495 லிட்டர். 5 மீட்டரில் 3 நிமிடப் பாதுகாப்பு நிறுத்தத்துக்கு 270 லிட்டர், கடைசி ஏற்றத்துக்கு 75 லிட்டர். மொத்தம் 1,320 லிட்டர், அதாவது 110 பார். அழுத்தமானி 110 காட்டும்போதே நீங்கள் கிளம்பியாக வேண்டும். இறங்கும்போது செலவாகும் காற்றைக் கணக்கில் சேர்க்காமலேயே, மிஞ்சும் 90 பார் அடியில் 13 நிமிடங்களுக்குத்தான் போதும்.

இந்தக் கணக்கைப் போட்டவுடன், கப்பல் சிதைவில் இறங்குபவர்கள் ஏன் இரட்டைச் சிலிண்டரோ, 15 லிட்டர் சிலிண்டரோடு தனி ரெகுலேட்டர் பொருத்திய துணைச் சிலிண்டரோ எடுத்துச் செல்கிறார்கள் என்பது விளங்கும். பொதுவான அட்டவணைகள் சாதாரணக் காற்றில் 30 மீட்டரில் 20 நிமிட அளவே நிறுத்தமில்லா நேரம் (ஏறும் வழியில் கட்டாய நிறுத்தங்கள் தேவைப்படாத நேரம்) தருகின்றன. 32 சதவீத நைட்ராக்ஸ் அந்த நேரத்தை நீட்டிக்கும். ஆனால் ஆக்சிஜனின் பகுதி அழுத்தத்தை (மொத்த அழுத்தத்தில் ஆக்சிஜனுக்குரிய பங்கை) 1.4 பாரில் நிறுத்துவதானால் அதனோடு 33 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது. ஆழம் தெரியாத சிதைவுக்கு, அங்குள்ள மிகக் கீழான புள்ளியை வைத்தே கலவையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், மேல்தளத்தின் ஆழத்தை வைத்து அல்ல.

இறங்கும் வேளை

ஏற்றவற்றம் வலுவாக உள்ள கடல்களில் நீரோட்டம் அடங்கும் சிறு இடைவெளியில் மட்டுமே கப்பலை ஆராய முடியும். அந்த இடைவெளி கடற்கரையில் ஓதம் திரும்பும் நேரத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆகவே அந்த இடத்தைத் தெரிந்த படகோட்டியின் சொல்லே இறுதியானது. எடையும் மிதவையும் கட்டிய கயிற்றைப் படகிலிருந்து கப்பலின் அருகே போடுவார்கள். அந்தக் கயிற்றைப் பிடித்தே இறங்குங்கள், இயன்றால் அதன் வழியாகவே ஏறுங்கள். திரும்ப அதைக் கண்டுபிடிக்க முடியாமல் போவது இயல்பாக நடக்கும் ஒன்று என்பதால், குறிமிதவையும் ரீலும் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக இருக்க வேண்டும். நடுநீரிலிருந்து மிதவையை மேலே அனுப்பும் பயிற்சியை அமைதியான நீரில் முன்பே செய்து பழகியிருக்க வேண்டும்.

கருவிகளில் வெட்டும் கருவிகள் இரண்டு வேண்டும்; அவற்றில் ஒன்று கத்திரிக்கோலாக இருப்பது நல்லது. பழைய கப்பல்கள் மீன்களைத் திரட்டும், மீன்களைத் தேடி வலைகளும் தூண்டில் நரம்புகளும் வரும். கண்ணுக்குத் தெரியாத நைலான் நரம்பு சிலிண்டரின் வால்வில் சிக்கினால், முதலில் அசைவதை நிறுத்துங்கள். திரும்பிப் பார்க்க முயன்று சுழல்வதுதான் ஒரு இழையைப் பத்துச் சுற்றுகளாக்குகிறது. துணைவர் வந்து வெட்டட்டும்.

இரும்பை வாசிப்பது

கீழே இறங்கியதும் ஆர்வத்தில் கண்ணில் பட்ட இடத்துக்கெல்லாம் நீந்தாமல், முதலில் மூன்று பொருள்களைத் தேடுங்கள்: கொதிகலன்கள், எஞ்சின், நங்கூரச் சங்கிலி வெளியேறும் துளைகள். பக்கத் தகடுகள் சரிந்து கப்பல் முழுவதும் தட்டையாகிப் போன இடத்திலும் இவை நிமிர்ந்து நிற்கும். நீராவிக் கப்பலின் கொதிகலன் நான்கைந்து மீட்டர் விட்டமுள்ள தடித்த இரும்பு உருளை. அதன் முகப்பில் மூன்று நான்கு வட்டமான அடுப்பு வாய்கள் தெரியும். அதற்கு அடுத்து மும்முறை விரிவு எஞ்சினின் (ஒரே நீராவியை மூன்று உருளைகளில் அடுத்தடுத்து விரியவிடும் எஞ்சின்) மூன்று உருளைகள், சிறியது, நடுத்தரம், பெரியது என்று வரிசையாக நிற்கும். கொதிகலனுக்கும் எஞ்சினுக்கும் இடையே நின்றுவிட்டீர்களானால் கப்பலின் நடுப்பகுதி உங்களுக்குப் பிடிபட்டுவிட்டது. எஞ்சினிலிருந்து நீளும் சுழலித் தண்டைப் பின்தொடர்ந்தால் பின்முனை, எதிர்த்திசையில் சென்றால் முன்முனை. எண்ணெய்க் கப்பல்களில் மட்டும் எஞ்சின் அறை பெரும்பாலும் பின்முனையிலேயே இருக்கும்.

கப்பலின் பெயரில் ஐயம் இருந்தால் இங்கேதான் தீர்க்கலாம். லாயிட்ஸ் பதிவேடு எஞ்சின் உருளைகளின் உள்விட்டத்தை அங்குலத்தில் தருகிறது. நீங்கள் அளப்பது உருளை மூடியின் வெளிவிட்டம், ஆகவே சில அங்குலம் கூடுதலாகவே வரும். இருந்தாலும் மூன்று உருளைகளுக்கும் இடையிலான விகிதம் மாறாது. இரண்டு கப்பல்களுக்கு இடையே முடிவெடுக்க முடியாமல் தவிக்கும்போது, ஒரு மணிக்காகவோ பெயர்ப்பலகைக்காகவோ சேற்றைக் கிளறுவதைவிட இந்த அளவு எத்தனையோ மடங்கு நம்பத்தக்கது. மணியை முதலில் வந்தவர் எவரோ எடுத்துப் போயிருப்பார், எஞ்சினை எவராலும் எடுத்துப் போக முடியாது.

அடுத்தது டார்பிடோ தாக்கிய இடம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் ஏவிய வழக்கமான டார்பிடோ 533 மில்லிமீட்டர் விட்டமும் ஏறத்தாழ 7 மீட்டர் நீளமும் உடையது. அதன் தலையில் 280 கிலோ அளவு வெடிமருந்து இருந்தது. அது கப்பலின் பக்கத்தில் மோதி வெடித்தால், நீர்மட்டத்துக்குக் கீழே பல மீட்டர் அகலமான துளை விழும். துளையின் விளிம்புத் தகடுகள் எந்தப் பக்கம் மடிந்திருக்கின்றன என்று கவனியுங்கள். உள்நோக்கி மடிந்திருந்தால் வெடிப்பு வெளியே நடந்தது. வெளிநோக்கி மடிந்திருந்தால் உள்ளே ஏதோ வெடித்திருக்கிறது: குளிர்நீர் பட்ட கொதிகலனாகவோ, வெடிமருந்துச் சரக்காகவோ இருக்கலாம். இரண்டு வகை மடிப்பும் ஒரே பகுதியில் அடுத்தடுத்துக் காணப்படுவதும் உண்டு. காந்தத் தூண்டலால் அடிப்பகுதிக்குக் கீழே வெடித்த டார்பிடோ பக்கத்தில் துளையிடாமல் கப்பலின் முதுகெலும்பையே முறித்துவிடும். அப்போது முன்பாதியும் பின்பாதியும் தனித்தனியாக, சில வேளைகளில் வெவ்வேறு திசை நோக்கிக் கிடக்கும். முறிவு இருக்கும் இடமெல்லாம் டார்பிடோ தாக்கிய இடம் என்று அவசரப்படவும் வேண்டாம். கப்பல் தரையில் மோதிய வேகத்திலும், பிற்காலத்தில் உலோகம் அறுத்தெடுத்தவர்கள் வைத்த வெடியிலும்கூட முறிவு ஏற்படும். அறுத்தெடுத்தவர்களின் வேலையில் பெரும்பாலும் புரொப்பெல்லர் காணாமல் போயிருக்கும் என்பது ஒரு நல்ல அடையாளம்.

முன்முனை நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். நூறு மீட்டருக்கு மேல் நீளமுள்ள கப்பல் முப்பது மீட்டர் நீரில் முன்முனை முன்னாக மூழ்கும்போது, பின்முனை இன்னும் காற்றில் இருக்கும்போதே முன்முனை தரையில் ஊன்றிவிடும். அதன் எடை முழுவதும் அங்கே இறங்குவதால் தகடுகள் மடிந்து மடிந்து சுருங்கியிருக்கும். வாக்குமூலத்தில் ‘பின்பக்கமாக மூழ்கியது’ என்று எழுதப்பட்டிருந்து, முன்முனை நசுங்கிக் கிடந்தால், அந்த முரண்பாட்டைப் பலகையில் எழுதிக்கொள்ளுங்கள். பின்னர் அதற்கு விளக்கம் தேடலாம்.

எனக்கு எப்போதும் அதிக நேரம் பிடிப்பது உயிர்காப்புப் படகுகளைத் தூக்கி இறக்கிய வளைந்த இரும்புக் கைகளிடம்தான். கப்பலின் இருபுறமும் சோடி சோடியாக இவை நிற்கும். வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் அந்தப் படகு இறக்கப்பட்டிருக்கலாம், அல்லது இறக்கத் தயாராக வைக்கப்பட்டிருக்கலாம். போர்க்காலத்தில் பல கப்பல்கள் படகுகளை எந்நேரமும் வெளியே தொங்கவிட்டே பயணம் செய்தன. உள்பக்கம் திரும்பியிருந்தால் அந்தப் பக்கத்தில் எவருக்கும் நேரம் கிடைக்கவில்லை என்பதற்கு அது வலுவான குறிப்பு. ஒரு பக்கக் கைகள் வெளியேயும் மறுபக்கத்தவை முறுக்கப்பட்டும் இருந்தால், முறுக்கப்பட்ட பக்கத்தில்தான் டார்பிடோ மோதியிருக்கும் வாய்ப்பு அதிகம். கப்பல் சாய்ந்து கிடப்பதால் காலப்போக்கில் விழுந்தவற்றையும் அப்போதே முறுக்கப்பட்டவற்றையும் பிரித்தறியப் பொறுமை வேண்டும். அடிப்பாகம் இன்னும் பிடிப்பில் உறுதியாக இருக்கிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

பெல் தீவுக் கப்பல்களில் இந்த வாசிப்பு மிகத் தெளிவாக அமைகிறது. 1942 செப்டம்பர் 5 அன்று யு-513, நங்கூரமிட்டு நின்ற சாகனாகாவையும் லார்ட் ஸ்ட்ராத்கோனாவையும் மூழ்கடித்தது. நவம்பர் 2 அன்று யு-518 வந்து ரோஸ் காஸிலையும் பி.எல்.எம். 27ஐயும் மூழ்கடித்தது. இரும்புத்தாது கனமானது, சிறிய அளவே கப்பலின் எடைத் தாங்கு திறனை நிரப்பிவிடும். ஆகவே சரக்கறையில் பாதிக்கு மேல் வெற்றிடம் இருக்கும், துளை விழுந்தால் அந்த வெற்றிடம் நொடிகளில் நீரால் நிரம்பிவிடும். சாகனாகாவில் ஏறத்தாழ முப்பது பேர் இறந்தார்கள். அது தாக்கப்பட்டதைக் கண்ணால் பார்த்த லார்ட் ஸ்ட்ராத்கோனாவின் மாலுமிகள் உடனே படகுகளில் இறங்கிவிட்டதால், அக்கப்பலில் ஒருவரும் உயிரிழக்கவில்லை. இந்த விவரத்தை அறிந்துகொண்டு இரண்டு கப்பல்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பவருக்கு, அவற்றின் மேல்தளங்கள் ஒரே மாதிரியான கடற்சாமந்திகளால் மூடப்பட்டிருந்தாலும், ஒரே மாதிரியாகத் தோன்றப் போவதில்லை.

பின்முனையில் ஒரு பீரங்கி இருந்தால் வியப்படைய வேண்டாம். சரக்குக் கப்பல்களுக்குத் தற்காப்புக்காக அது பொருத்தப்பட்டது. குழல் எந்தத் திசையில் இருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளலாம். அதன் அருகிலுள்ள பெட்டிகளைத் தொடக் கூடாது, குண்டுகள் இன்னும் அவற்றில் இருக்கலாம்.

சரக்கின் ஆபத்து

சரக்குப் பட்டியலை முன்பே படிக்கச் சொல்வதற்கு இதுவே முக்கியக் காரணம். எண்பது ஆண்டுகள் உப்புநீரில் கிடந்த வெடிமருந்து செயலிழந்துவிட்டது என்று எண்ணக் கூடாது. சில வகைகள் காலப்போக்கில் மேலும் எளிதில் வெடிக்கக்கூடியவையாக மாறுகின்றன. தேம்ஸ் முகத்துவாரத்தில் 1944இல் தரைதட்டிய ரிச்சர்ட் மாண்ட்கோமரி நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டதல்ல. ஆயினும் ஏறத்தாழ 1,400 டன் வெடிமருந்து இன்னும் அதில் இருப்பதால் அதன் அருகே செல்லவே தடை உள்ளது. எண்ணெய்க் கப்பல்களின் ஆபத்து வேறு. 1942 ஜனவரியில் யு-123 மூழ்கடித்த கொய்ம்ப்ராவிலிருந்து அமெரிக்கக் கடலோரக் காவல் படை 2019இல்தான் எண்ணெயை வெளியேற்றியது. அடர்ந்த எண்ணெய் கூரையடியில் தேங்கி நிற்கும். முகமூடிக் கண்ணாடியிலும் ரெகுலேட்டரிலும் அது படிந்தால் முக்குளிப்பை அங்கேயே முடித்துக்கொள்ள வேண்டியதுதான். புதிதாகக் கசிவைக் கண்டால் அந்நாட்டின் கடலோரக் காவல் அமைப்புக்குத் தெரிவியுங்கள்.

உள்ளே போவது

பக்கம் திறந்து, இரு முனையிலும் வெளிச்சம் தெரியும் சரக்கறை வழியாகக் கடந்து செல்வது ஒன்று. கதவு வழியாக எஞ்சின் அறைக்குள் நுழைவது முற்றிலும் வேறு. இரண்டாவதற்குத் தனிப் பயிற்சி, வெளியிலிருந்து தொடர்ச்சியாகக் கட்டிக்கொண்டே போகும் வழிக்கயிறு, ஆளுக்கு மூன்று விளக்குகள் ஆகியவை கட்டாயம் தேவை. காற்றில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே போக, ஒரு பங்கு திரும்ப, ஒரு பங்கு தொடாமல் வைத்திருக்க என்ற ஒழுங்கிலும் விலக்கு இல்லை. நீங்கள் சேற்றைக் கிளறாவிட்டாலும், வெளிவிடும் குமிழிகள் கூரையில் மோதித் துருச் செதில்களை உதிர்க்கும். போகும்போது தெளிவாக இருந்த அறை திரும்பும்போது சிவந்த இருட்டாகியிருக்கும். கடல்நீரில் இரும்பு ஆண்டுக்கு 0.1 மில்லிமீட்டர் அளவில் இருபுறமும் அரிக்கப்படுகிறது. எண்பது ஆண்டுக் கணக்கைப் போட்டால், உள் அறைகளின் மெல்லிய தடுப்புத் தகடுகளில் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்பது தெரியும். சென்ற ஆண்டு ஒருவர் பாதுகாப்பாகப் போய்வந்தார் என்பது இந்த ஆண்டுக்கு உத்தரவாதம் ஆகாது.

பதிவும் பின்வேலையும்

ஒளிப்படம் எடுப்பவர் அழகான படத்தைத் தேடுவதோடு நின்றுவிடாமல், கணினியில் முப்பரிமாண உருவம் அமைக்கத் தக்கவாறும் எடுக்கலாம். ஒரே வேகத்தில், ஒரே தொலைவில், ஒவ்வொரு படமும் முந்தைய படத்தின் எழுபது எண்பது சதவீதத்தை உள்ளடக்குமாறு, வரிசை வரிசையாக நீந்தி எடுக்க வேண்டும். நீளம் தெரிந்த ஓர் அளவுகோலைக் காட்சிக்குள் வைத்தால், கொதிகலனின் விட்டம் முதல் டார்பிடோத் துளையின் அகலம் வரை பின்னர் கரையில் அமர்ந்தே அளந்துகொள்ளலாம். விளக்குகளைக் கேமராவிலிருந்து விலக்கி இருபக்கமும் பிடித்தால் நீரிலுள்ள துகள்கள் வெள்ளைப் புள்ளிகளாகப் பதிவது குறையும். ஒரே முக்குளிப்பில் முழுக் கப்பலையும் எடுக்க முயலாதீர்கள். டார்பிடோ தாக்கிய பகுதியையும் எஞ்சினையும் மட்டும் முதல் நாளுக்கு வைத்துக்கொள்வது போதும்.

படகில் ஏறியதும், பேச்சு தொடங்கும் முன்பே, துணைவரும் நீங்களும் தனித்தனியாக நினைவிலிருந்து ஒரு வரைபடம் போடுங்கள். ஒருவர் சொல்வதைக் கேட்டுவிட்டால் மற்றவரின் நினைவு அதற்கேற்ப மாறிவிடும், குறிப்பாக ஆழத்தில் நைட்ரஜனால் வரும் மயக்கம் தொட்ட 30 மீட்டருக்குக் கீழான முக்குளிப்புகளில். இரண்டு வரைபடங்களும் வேறுபடும் இடங்களே அடுத்த முக்குளிப்பின் வேலைப்பட்டியல். பதிவுகளின் நகலைக் கடல்சார் தொல்லியல் அமைப்புக்கோ, கப்பல் மூழ்கிய பகுதியின் அருங்காட்சியகத்துக்கோ அனுப்பும்போது, நாள், ஆழம், பார்வைத் தெளிவு, அளந்த முறை ஆகியவற்றையும் சேர்த்து எழுதுங்கள். அந்த விவரங்கள் இருந்தால்தான், சில ஆண்டுகள் கழித்து வேறொருவர் எடுக்கும் அளவோடு உங்கள் அளவை ஒப்பிட்டுச் சிதைவு எவ்வளவு வேகமாகச் சரிகிறது என்று கணக்கிட முடியும். பல முக்குளிப்புகள் செய்த பயணமானால், விமானம் ஏறுவதற்கு முன் குறைந்தது 18 மணி நேர இடைவெளியை விட்டுப் பயணச்சீட்டைப் பதிவு செய்யுங்கள்.